போர்த்துகீசியர்கள் ஹிஸ்பானிக்கா, லத்தீனோவா?

பாஸ்டன் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அணியில் போர்ச்சுகலின் லிஸ்பனிலிருந்து வந்த பெண் ஒருவர் இருக்கிறார். செப்டம்பர் மாதம் அலுவலகத்தில் ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்துக்கு விழா வைத்தபோது, "நம்ம அணி சார்பாக நீங்க நாலு வார்த்தை பேசுங்களேன்" என்று அவரை அழைத்திருக்கிறார். "நான் ஹிஸ்பானிக் இல்லையே" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டார். ஆனால் அதே விழாவில் பிரேசில்காரர் ஒருவர் மேடையேறி சந்தோஷமாகப் பேசியிருக்கிறார். இருவருக்கும் தாய்மொழி போர்த்துகீசியம்தானே, போர்த்துகீசியர்கள் ஹிஸ்பானிக்கா, லத்தீனோவா, இரண்டுமே இல்லையா, நான் கேட்டது தப்பா என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்க அரசாங்கம் ஒரு போர்த்துகீசியரை எந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்கிறது என்பது ஒன்று. அந்த மனிதர் தன்னை யாராக நினைக்கிறார் என்பது இன்னொன்று. முதலாவதுக்கு விதிப்புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்கு அவர்கள் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். நான் ஐபீரிய வரலாறு, அதாவது ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பத்தின் வரலாறு படித்தவன். அப்புறம் பல வருடம் தென்கிழக்கு மாசசூசெட்ஸில் பள்ளி மாணவர் சேர்க்கைப் பதிவுகளோடு வேலை பார்த்தேன். போர்த்துகீசியக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. இந்தக் கேள்வி அங்கே படிவத்தின் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்தச் சொற்கள் பொதுவாகப் புழங்கும் பொருளில் போர்ச்சுகல்காரர் ஹிஸ்பானிக்கும் இல்லை, லத்தீனோவும் இல்லை. ஹிஸ்பானிக் என்பது ஸ்பெயினின் மொழி, பண்பாட்டு வழியில் வந்தவர்களைக் குறிக்கிறது. லத்தீனோ என்பது லத்தீன் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டவர்களை. மெக்சிகோக்காரர் இரண்டிலும் வருவார். ஸ்பெயின்காரர் ஹிஸ்பானிக், ஆனால் அவரை லத்தீனோ என்று பெரும்பாலும் சொல்வதில்லை. பிரேசில்காரர் லத்தீனோ, ஆனால் அவரை ஹிஸ்பானிக் என்று பொதுவாகச் சொல்வதில்லை. போர்ச்சுகல்காரருக்கு ஸ்பானிஷ் தாய்மொழி அல்ல, அமெரிக்கக் கண்டம் பூர்வீகமும் அல்ல. அதனால் இரண்டுக்கும் வெளியே நிற்கிறார்.

"ஆனால் ஹிஸ்பானியா என்பது போர்ச்சுகலையும் சேர்த்துத்தானே?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரோமானியர்கள் ஐபீரியத் தீபகற்பம் முழுவதையும் ஹிஸ்பானியா என்றுதான் அழைத்தார்கள். அகஸ்டஸ் காலத்தில் அதை மூன்று மாகாணங்களாகப் பிரித்தபோது ஒன்றின் பெயர் லூசிடானியா. இன்றைய போர்ச்சுகலின் பெரும்பகுதி அதற்குள் இருந்தது. அதன் தலைநகரமோ இன்று ஸ்பெயினுக்குள் இருக்கும் மெரிடா. ஆக, பழைய பொருளில் போர்த்துகீசியர்களும் ஹிஸ்பானியர்களே.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அஃபோன்சு என்ரிக்கெஸ் 1139இல் தன்னை அரசன் என்று அறிவித்துக்கொண்டார். 1143இல் சமோராவில் பக்கத்து லியோன் நாட்டு அரசர் அதை ஏற்றுக்கொண்டார், 1179இல் போப்பின் ஒப்புதலும் வந்தது. ஸ்பெயின் என்ற நாடு அப்போது கிடையாது. காஸ்டில், அரகான் என்ற இரண்டு அரசுகள் திருமணத்தால் நெருங்கியதே 1469இல். பின்னால் அந்த இணைப்பிலிருந்து வளர்ந்த அரசு, தீபகற்பம் முழுமைக்குமான பெயரைத் தனக்கே வைத்துக்கொண்டது. போர்ச்சுகல் அந்தப் பெயருக்கு வெளியே போய்விட்டது. பல நூற்றாண்டுகளாகத் தனி அரசாக இருந்தவர்களுக்கு, பக்கத்து நாடு எடுத்துக்கொண்ட பெயரால் தங்களை அழைத்தால் எப்படி இருக்கும்?

போதாததற்கு அறுபது வருட அனுபவம் ஒன்றும் இருக்கிறது. இளம் அரசர் செபாஸ்தியான் 1578இல் மொராக்கோவில் நடந்த போரில் வாரிசு இல்லாமல் மாண்டார். 1580இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் போர்ச்சுகல் அரியணையையும் எடுத்துக்கொண்டார். 1640 டிசம்பர் 1 அன்று லிஸ்பனில் பிரபுக்கள் சிலர் அரண்மனைக்குள் புகுந்து, ஸ்பெயினுக்கு விசுவாசமாக இருந்த செயலர் மிகெல் டி வாஸ்கொன்செலோசைக் கொன்று சன்னல் வழியாக வெளியே எறிந்தார்கள். பிரகான்சா குடும்பத்து ஜான் அரசரானார். சண்டை ஓய்ந்து ஸ்பெயின் அதை ஒப்புக்கொள்ள 1668 ஆகிவிட்டது. டிசம்பர் 1 இன்றும் போர்ச்சுகலில் பொது விடுமுறை. லிஸ்பன் நடுவில் அதற்கென்றே ஒரு சதுக்கமும் நினைவுத்தூணும் இருக்கின்றன.

இந்த அறுபது வருடத்துக்குள்தான் நம் யாழ்ப்பாணமும் வருகிறது. 1619இல் போர்த்துகீசியர்கள் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபோது அவர்களுக்கு மேல் இருந்த அரசர் ஸ்பெயினின் மூன்றாம் பிலிப். ஆனாலும் வந்த படை போர்த்துகீசியப் படை, நிர்வாகம் போர்த்துகீசிய நிர்வாகம். ஸ்பெயின் ஆண்டது என்று நம் வரலாற்றில் யாரும் எழுதுவதில்லை, எழுதினால் தவறு. ஒரே அரசருக்குக் கீழே இருந்தபோதுகூட இரண்டு அரசுகளும் தனித்தனியாகவே இயங்கின. ஸ்பெயினோடு பகையில் இருந்த டச்சுக்காரர்கள் இந்தக் காலத்தில் போர்த்துகீசியக் கோட்டைகளையும் தாக்கத் தொடங்கினார்கள். மட்டக்களப்பு 1638இலேயே கைமாறியது, கொழும்பு 1656இல், யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் 1658இல். ஸ்பெயினோடு சேர்ந்திருந்ததால் இழந்தோம் என்ற மனக்குறை போர்த்துகீசியர்களிடம் வெகுகாலம் இருந்தது.

"ஸ்பெயினிலிருந்து நல்ல காற்றும் வராது, நல்ல சம்பந்தமும் வராது" என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. இன்று யாரும் பகையோடு சொல்வதில்லை. இரு நாடுகளுக்கும் இடையே எல்லைச் சோதனைகூட வழக்கத்தில் இல்லை. ஆனாலும் ஸ்பானிஷ்காரர் என்று எடுத்துக்கொண்டு ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தால் போர்த்துகீசியர் முகம் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஸ்பானிஷ் ஓரளவு புரியும். ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்குப் போர்த்துகீசியம், அதுவும் உயிரெழுத்துகளை விழுங்கிப் பேசும் லிஸ்பன் பேச்சு, அவ்வளவாகப் புரியாது. எப்போதும் தாங்களே இறங்கி வர வேண்டியிருக்கிறது என்ற எரிச்சலும் அதில் கலந்திருக்கும்.

சரி, அமெரிக்கப் படிவத்துக்கு வருவோம். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான், அதுவும் ஒரு மாதிரிப் பகுதியினரிடம் மட்டும், ஸ்பானிஷ் பூர்வீகம் பற்றிய கேள்வி முதலில் கேட்கப்பட்டது. "மத்திய அல்லது தென் அமெரிக்கர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தென் மாநிலங்களிலும் வசித்த ஏராளமானோர் தங்களைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து அதில் குறி போட்டுவிட்டார்கள். 1976இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஸ்பானிஷ் பூர்வீகம் கொண்ட அமெரிக்கர்கள் வேலை, வருமானம், கல்வியில் எப்படி இருக்கிறார்கள் என்று அரசுத் துறைகள் தனியாகக் கணக்கு எடுக்க வேண்டும் என்றது அது. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய, தென் அமெரிக்கா, பிற ஸ்பானிஷ் பேசும் நாடுகள் என்று பட்டியலும் கொடுத்தது. அடுத்த வருடம் வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகம் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான வரையறையைக் கொண்டுவந்தது: மெக்சிகன், போர்ட்டோ ரிக்கன், கியூபன், மத்திய அல்லது தென் அமெரிக்க, அல்லது பிற ஸ்பானிஷ் பண்பாடு அல்லது பூர்வீகம் கொண்டவர், எந்த இனத்தவராக இருந்தாலும். 1997 திருத்தத்தில் லத்தீனோ என்ற சொல்லும் பக்கத்தில் சேர்ந்தது. 2024 மார்ச்சில் வந்த திருத்தம் இனத்தையும் இந்தப் பூர்வீகத்தையும் ஒரே கேள்வியாக்கியது. இத்தனை மாற்றத்திலும் இந்த வரையறையில் போர்ச்சுகல் இடம் பெறவில்லை.

இது யாரோ மறந்துபோய் விட்டது அல்ல. அந்தப் பிரிவு உருவானதே தென்மேற்கு மாநிலங்களின் மெக்சிகோ வம்சாவளியினரும் நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கர்களும் தங்களைக் கணக்கில் எடுக்கச் சொல்லிப் போராடியதால். ஃபால் ரிவர் பஞ்சாலைகளிலும் நியூ பெட்ஃபோர்டு மீன்பிடிப் படகுகளிலும் கலிஃபோர்னியாவின் பால்பண்ணைகளிலும் உழைத்த போர்த்துகீசியர்கள் அந்தப் போராட்டத்தில் ஒரு தரப்பாக இல்லை. அவர்கள் வந்த வழியும் வேறு. பெரும்பாலானோர் அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுக்காரர்கள். 1957இல் அங்குள்ள ஃபையல் தீவில் கப்பெலின்யோஷ் எரிமலை வெடித்து ஊர்கள் சாம்பலில் புதைந்த பிறகு, 1958இல் அவர்களுக்காகவே அமெரிக்கா ஓர் அகதிகள் சட்டம் போட்டது. அதை முன்னெடுத்த செனட்டர்களில் ஒருவர் ஜான் கென்னடி.

இப்போது சிக்கலான இடம். எல்லா அரசு விதியும் ஒரே மாதிரி சொல்வதில்லை. சாலை, பாலம், விமான நிலையப் பணிகளில் பின்தங்கிய தொழில்முனைவோருக்கு வாய்ப்பளிக்கும் திட்டம் ஒன்று மத்தியப் போக்குவரத்துத் துறையில் உண்டு. அதன் விதிகளில் ஹிஸ்பானிக் அமெரிக்கர் என்பதற்குக் கொடுத்த விளக்கம் பல வருடங்களாக "ஸ்பானிஷ் அல்லது போர்த்துகீசியப் பண்பாடு அல்லது பூர்வீகம்" என்று இருந்தது. அதாவது, போர்த்துகீசிய ஒப்பந்தக்காரர் ஒருவர் கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர், பாலம் கட்டும் டெண்டரில் ஹிஸ்பானிக். ரோட் ஐலண்ட் மாநிலம் இன்னொரு வழி எடுத்தது. சிறுபான்மைத் தொழில்முனைவோர் சட்டத்தில் ஹிஸ்பானிக் என்று ஒரு பிரிவு, போர்த்துகீசியர் என்று தனிப் பிரிவு, பிரேசில்காரர்கள் இரண்டாவதில். என்னைக் கேட்டால் மக்களின் உண்மை நிலைக்கு நெருக்கமாக இருப்பது ரோட் ஐலண்ட் பிரித்த விதம்தான். ஆனால் இந்தப் பத்தியில் சொன்னதை வைத்து யாரும் டெண்டர் படிவம் நிரப்ப வேண்டாம். இனத்தை வைத்துச் சலுகை தரும் விதிகள் அண்மைக் காலத்தில் நீதிமன்றம் வரை போய் மாறிக்கொண்டிருக்கின்றன. நான் வழக்கறிஞன் இல்லை. அன்றைய விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பள்ளிப் பதிவு மேசையில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். 2007இல் கல்வித் துறை தந்த வழிகாட்டுதல்படி முதல் கேள்வி: ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா, ஆம், இல்லை. அதற்கடுத்துத்தான் இனம். அசோர்ஸின் சாவோ மிகேல் தீவிலிருந்து வந்த பாட்டி ஒருவர் பேரனைச் சேர்க்க வந்திருப்பார். பேனா முதல் கேள்வியில் நிற்கும். "இது ஸ்பானிஷ்காரங்களுக்கா?" என்று கேட்பார். "இல்லை" என்பதில் குறி. அடுத்து "வெள்ளையர்" என்பதில், கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு குறி. அப்புறம் ஓரத்தில் யாரும் கேட்காமலே "போர்த்துகேசா" என்று எழுதுவார். கணினியில் அந்த ஓரத்துக்கு இடம் கிடையாது. அவருக்குப் பின்னால் வரிசையில் குவாத்தமாலாவிலிருந்து வந்த கிச்சே மாயா பழங்குடித் தாய் ஒருவர். நியூ பெட்ஃபோர்டில் அந்தச் சமூகம் பெரிது. அவருக்கு ஸ்பானிஷ் சரியாக வராது, வீட்டு மொழி கிச்சே. ஆனால் அவருடைய பிள்ளை ஹிஸ்பானிக் என்று பதிவாகும். ஸ்பானிஷை ஓரளவு புரிந்துகொள்ளும் அசோர்ஸ் பாட்டியின் பேரன் பதிவாக மாட்டான். பெற்றோர் எதையும் நிரப்பாமல் விட்டால், பிள்ளையைப் பார்த்து ஊழியரே தீர்மானிக்க வேண்டும் என்றும் அந்த வழிகாட்டுதல் சொன்னது. கேப் வெர்டே, பிரேசில், அசோர்ஸ் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஊரில் முகத்தைப் பார்த்து என்னத்தைத் தீர்மானிப்பது? பெற்றோரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பதைத்தான் எப்போதும் வற்புறுத்தினேன்.

பிரேசில் விஷயத்துக்கு இன்னும் நேரான ஆதாரம் உண்டு. கணக்கெடுப்பு அலுவலகத்தின் வழக்கம் இது: ஒருவர் ஹிஸ்பானிக் என்று குறி போட்டுவிட்டு பக்கத்தில் "பிரேசிலியன்" என்றோ "போர்த்துகீசியர்" என்றோ எழுதினால், அதை "ஹிஸ்பானிக் அல்ல" என்று பின்னால் மாற்றிவிடுவார்கள். அதே அலுவலகம் ஆண்டுதோறும் நடத்தும் அமெரிக்கச் சமூக ஆய்வில், 2020இல், தரவுகளைக் கையாளும் முறையில் நேர்ந்த பிழையால் பிரேசில்காரர்களுக்கு இந்த மாற்றம் நடக்காமல் போயிற்று. முந்தைய வருடம் சுமார் 14,000 பிரேசில்காரர்களே ஹிஸ்பானிக் கணக்கில் இருந்தார்கள். அந்த வருடம் 4,16,000 பேர் வந்துவிட்டார்கள். பியூ ஆய்வு மையம் இதைக் கவனித்து வெளியிட்டது. தாங்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டால் அமெரிக்காவில் உள்ள பிரேசில்காரர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறார்கள். ஆகவே பிரேசில்காரர்களுக்கு "இல்லை" என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். வரையறையில் தென் அமெரிக்கர் என்ற சொல்லும் இருக்கிறது, லத்தீனோ என்ற சொல்லும் இருக்கிறது. ஆம் என்று குறி போடும் பிரேசில்காரர் பொய் சொல்லவில்லை. உங்கள் விழாவில் ஒருவர் மனமுவந்து பேசியதற்கும் மற்றவர் மறுத்ததற்கும் காரணம் இதுவே. இருவருக்கும் மொழி ஒன்று. கண்டம் வேறு, அமெரிக்காவுக்கு வந்து வாழ்ந்த அனுபவமும் வேறு.

போர்த்துகீசியர்கள் பக்கத்தில் கருத்து ஒருமுகமானது என்றும் சொல்லிவிட முடியாது. ஹிஸ்பானிக் பட்டியலில் சேர்ந்தால் உதவித்தொகை, பிரதிநிதித்துவம் கிடைக்குமே என்று வாதிடுபவர்கள் அவர்களுக்குள் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தில் குடியரசுக் கட்சியின் ஹிஸ்பானிக் உறுப்பினர் குழுவில் போர்த்துகீசிய வம்சாவளியினருக்கும் இடமுண்டு. அசோர்ஸ் பூர்வீகம் கொண்ட கலிஃபோர்னியா உறுப்பினர் டேவிட் வலடாவோ அதில் இருந்திருக்கிறார். 2009இல் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியைச் சேர்ந்த சோனியா சோட்டோமயோர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டபோது பழைய விவாதம் ஒன்றும் கிளம்பியது. 1932 முதல் 1938 வரை அங்கே நீதிபதியாக இருந்த பெஞ்சமின் கார்டோசோவின் முன்னோர் போர்ச்சுகலிலிருந்து வெளியேறிய யூதர்கள் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. அப்படியானால் முதல் ஹிஸ்பானிக் நீதிபதி கார்டோசோதானே என்று சிலர் கேட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் இந்தப் பொருளில் அந்தப் பிரிவே கிடையாது. அவர் தன்னை அப்படி அழைத்துக்கொண்டதற்கும் சான்றில்லை. 1970களில் உருவான ஒரு கட்டத்துக்குள் 1938இல் மறைந்தவரைக் கொண்டுபோய் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

லத்தீனோ என்ற சொல்லில் ஒரு சிறு குழப்பம் மிச்சம் இருக்கிறது. லிஸ்பனில் ஒருவர் "நாங்கள் லத்தீன்காரர்கள்" என்று சாதாரணமாகச் சொல்வார். இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் போல லத்தீனிலிருந்து வந்த மொழி பேசும் மக்கள் என்ற பொருளில் அது. லத்தீன் அமெரிக்கா என்ற பெயரே 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பழைய எண்ணத்திலிருந்து கிளைத்ததுதான். சிலியின் பிரான்சிஸ்கோ பில்பாவோ 1856இல் அதைப் பயன்படுத்தினார். வட அமெரிக்காவின் ஆங்கிலேய வழியினருக்கு எதிரில் தங்களைத் தனித்துக் காட்ட அந்தச் சொல் உதவியது. அமெரிக்க மண்ணில் அது இன்னும் குறுகி, லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்று மட்டும் ஆயிற்று. ஆகவே உங்கள் சக ஊழியர் லிஸ்பனில் தன்னை லத்தீன்காரி என்றும், பாஸ்டனில் லத்தீனோ இல்லை என்றும் சொன்னால் இரண்டும் சரியே.

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1950, 1960 கணக்கெடுப்புகளில் டெக்சஸ், கலிஃபோர்னியா உட்பட ஐந்து தென்மேற்கு மாநிலங்களில் ஸ்பானிஷ் குடும்பப்பெயர் பட்டியலை வைத்தே ஆட்களைப் பிரித்தார்கள். ஓரளவு உதவும் அடையாளம் ஒன்று உண்டு. ரோட்ரிகஸ், கோமஸ், ஃபெர்னாண்டஸ் போன்ற பெயர்கள் ஆங்கில எழுத்தில் 'இசட்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஸ்பானிஷ் வழி, 'எஸ்' என்று முடிந்தால் போர்த்துகீசிய வழி. சில்வா, கோஸ்டா என்று வந்தால் இதுவும் உதவாது. அதோடு தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்து ஃபெர்னாண்டோக்களையும் கோமஸ்களையும் நமக்குத் தெரியும். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துகீசியப் பாதுகாப்பில் ஞானஸ்நானம் பெற்றபோது வந்த பெயர்கள் அவை. அமெரிக்கா போன தூத்துக்குடி ஃபெர்னாண்டோவிடம் அலுவலகத்தில் யாராவது ஸ்பானிஷில் பேசிப் பார்ப்பது சாதாரணமாக நடக்கிறது. அவர் ஆசியர் என்ற கட்டத்தில் குறி போடும் தமிழர்.

இனி உங்கள் சக ஊழியருக்கு வருகிறேன். கேட்டதில் தப்பில்லை. அவரிடம் கேட்காமலே அவர் யார் என்று முடிவு செய்துவிட்டு அழைத்தது உறுத்தியிருக்கும், அவ்வளவுதான். அந்த மாதம் செப்டம்பர் 15இல் தொடங்குவதே குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டா ரிகா ஆகியவற்றின் சுதந்திர நாள் அது என்பதால். அடுத்த நாள் மெக்சிகோ, 18ஆம் தேதி சிலி. போர்ச்சுகலுக்கு அதில் ஒரு நாளும் கிடையாது. பிரேசிலின் சுதந்திர நாளான செப்டம்பர் 7கூட அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. போர்ச்சுகல் தினம் ஜூன் 10, கவிஞர் கமோயிஷ் மறைந்த நாள். நியூ பெட்ஃபோர்டு, ஃபால் ரிவர் பக்கமெல்லாம் அப்போது விழா நடக்கும். போர்த்துகீசியம் பேசுகிறவர்களைப் பொதுவாகக் குறிக்க லூசோஃபோன் என்று ஒரு சொல் உண்டு. லிஸ்பன்காரர், பிரேசில்காரர், கேப் வெர்டேக்காரர், அங்கோலாக்காரர் எல்லாரும் அதற்குள் சங்கடமில்லாமல் வருவார்கள். அவர்களுடைய நாடுகள் சேர்ந்து 1996இல் ஒரு கூட்டமைப்பும் தொடங்கியிருக்கின்றன. அடுத்த ஜூனில் உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு நாள் வைக்க விருப்பமா என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். பிரேசில்காரரையும் சேர்த்துக் கேளுங்கள். அழைப்பிதழில் என்ன பெயர் போடுவது என்பதை அவர்கள் இருவருமே சொல்வார்கள்.